புருவத்தின் ஆட்சி: ஆங்கிலக் கிராமத்துப் பப்பின் எழுதப்படாத சட்டங்கள் குறித்த ஓர் ஆய்வு

பேருந்துக்கும் அஞ்சலகத்துக்கும் கழிப்பறைக்கும் ஒருவர் பின் ஒருவராக நின்று உலகப் புகழ் பெற்ற ஆங்கிலேயர், தம் கிராமத்துப் பப்பின் கவுண்டர் முன் மட்டும் பக்கவாட்டில் பரவி, முழங்கையை மரப்பலகையில் ஊன்றி, வரிசை என்ற ஒன்றையே கேள்விப்படாதவர் போல் நிற்பது ஏன் என்பதும், அவ்வாறு நின்றும் யாருக்கு முதலில் ஊற்றுவது என்பதில் கைகலப்பு நேராதிருப்பது எவ்வாறு என்பதும் இக்கட்டுரை ஆராய எடுத்துக்கொண்ட வினாக்களாகும். பொருள் அற்பமானது என்று கருதுவோர், அதே நாட்டின் நாடாளுமன்றம் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாகக் குடிப்பவரின் கிண்ணத்தையும் கடிகாரத்தையும் உரிமத்தையும் பற்றி ஓயாமல் சட்டம் இயற்றிவந்திருப்பதையும், இந்த ஒரு வினாவை மட்டும் கடைசிவரை தொடாமல் விட்டதையும் கருதிப் பார்க்க வேண்டும்.

முதலில் ஆய்வின் எல்லையை வகுத்துக்கொள்வது முறை. பழைய இங்கிலாந்தில் குடி விற்ற இடங்கள் மூவகைப்பட்டன. ஏல் எனப்படும் நாட்டு பீரை வீட்டிலேயே காய்ச்சி, பெரும்பாலும் வீட்டுப் பெண்களே விற்ற ஏல் வீடு முதலாவது. நகரத்தாருக்குத் திராட்சை மது விற்ற டாவெர்ன் இரண்டாவது. வழிப்போக்கருக்குப் படுக்கையும் அவர்தம் குதிரைக்குக் கொட்டிலும் தந்த இன் எனப்படும் சத்திரம் மூன்றாவது. இன்றைய கிராமத்துப் பப் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் பிறந்த கலப்பு எனலாம். பிறர் வந்து குடிக்கத் திறந்துவிடப்பட்ட வீடாகவே அது தொடங்கியதால் கணப்பும் திரைச்சீலையும் கணப்பின் முன் நீட்டிப் படுத்திருக்கும் நாயும் இன்றும் அங்கே மிச்சமிருக்கின்றன; காசு கொடுத்துக் குடிப்பவரும் ஓரளவு விருந்தாளியைப் போலவே நடந்துகொள்ளக் கடமைப்பட்டிருப்பதும் அதனாலேயே. கால்பந்துத் திரையும் இரைச்சலும் நிறைந்த நகரத்துப் பப்புகள் இவ்வாய்வின் எல்லைக்குள் வரமாட்டா.

எழுதப்பட்ட சட்டத்தின் வரலாறு நீண்டது. இங்கே அதைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். இரண்டாம் ரிச்சர்ட் மன்னர் 1393இல் லண்டனில் ஏல் விற்போர் வாசலில் அடையாளப் பலகை தொங்கவிட வேண்டுமென ஆணையிட்டார். ஏல் சோதகர் என்னும் அலுவலர் எந்த வீட்டுக்குள் நுழைந்து சுவைத்துப் பார்ப்பது என்று அறிந்துகொள்ள அது உதவியது. ஊராரின் ஏலைக் குடித்துப் பார்ப்பதையே உத்தியோகமாகக் கொண்ட இவ்வலுவலருள் புகழ்பெற்றவர், 1556இல் ஸ்ட்ராட்ஃபர்டில் அமர்த்தப்பட்ட ஜான் ஷேக்ஸ்பியர் ஆவார். ஆயினும் அவர் பெயர் நிலைத்தது நாவின் நுண்மையால் அன்று, பெற்ற மகனால். 1552ஆம் ஆண்டுச் சட்டம் ஏல் வீடு நடத்த அமைதி நீதிபதிகளின் உரிமம் வேண்டுமென்றது. 1830ஆம் ஆண்டுச் சட்டமோ, ஜின்னை விட பீர் நல்லது என்ற நம்பிக்கையில், வரி செலுத்தும் எவரும் இரண்டு கினி, அதாவது இரண்டு பவுண்டு இரண்டு ஷில்லிங், கட்டினால் தம் வீட்டு முன்னறையிலேயே பீர் விற்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது; பல்லாயிரம் முன்னறைகள் அவ்வாறே திறந்தன; 1869இல் கதவு மறுபடி பாதி மூடப்பட்டது. 568 மில்லிலிட்டர் கொண்ட பைன்ட் என்னும் அளவும், அதன் பாதியும், அப்பாதியின் மடங்குகளும், மூன்றில் ஒன்றும், 2011 முதல் மூன்றில் இரண்டும் தவிர வேறு அளவில் பீப்பாய் பீர் விற்பது இன்றும் குற்றம். இத்தனையையும் வரையறுத்த சட்டம், ஒரே நேரத்தில் கவுண்டருக்கு வந்த இருவருள் அடுத்தவர் யார் என்பதைப் பற்றி ஓர் எழுத்தும் எழுதவில்லை.

கவுண்டரை அடையும் முன் வாசலைக் கடக்க வேண்டும். வாசலின் பலகையில் பெரும்பாலும் ஒரு சிங்கமோ கலைமானோ மணிமுடியோ இருக்கும். சிவப்புச் சிங்கம் என்பதே நாட்டில் மிகுதியாகக் காணப்படும் பப் பெயர். அரச கருவாலி மரம் என்னும் பெயரோ, 1651இல் வூஸ்டர் போரில் தோற்ற இரண்டாம் சார்ல்ஸ், பாஸ்கபெல் காட்டில் ஒரு மரத்தின் மேல் ஏறி ஒளிந்த நிகழ்ச்சியின் நினைவாக வைக்கப்பட்டது. ஓர் அரசர் மரமேறியதை இத்தனை ஊர்களில் வண்ணம் தீட்டித் தொங்கவிட்டுக் கொண்டாடும் நாடு வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. நாட்டின் மிகப் பழைய பப் எது என்ற சர்ச்சையில் நாட்டிங்ஹமும் செயின்ட் ஆல்பன்ஸும் வேறு சில ஊர்களும் ஒன்றையொன்று விஞ்சும் ஆண்டுகளைச் சுவரில் எழுதிவைத்துள்ளன. அவ்வெண்கள் கட்டடத்தின் வயதைச் சொல்கின்றனவா, அடித்தளத்தின் வயதைச் சொல்கின்றனவா, உரிமையாளரின் ஆசையைச் சொல்கின்றனவா என்பதில் இவ்வாய்வு தலையிடாது.

உள்ளே நுழைந்ததும் தலைக்கு மேல் கரிய உத்தரங்கள் தாழ இருக்கும். உயரமானவர் முதல் முறை இடித்துக்கொள்வதும் இரண்டாம் முறை குனிவதும் அயலாரையும் ஊராரையும் பிரித்தறிய உதவும் நம்பகமான சோதனையாகும். முன்பெல்லாம் ஒரே கூரையின் கீழ் உழைப்பாளிகளுக்கு மலிவான பொது அறையும், நாகரிகம் கருதுவோர்க்கு விலை சற்றுக் கூடிய சலூன் அறையும், பிறர் கண்ணில் படாமல் குடிக்க விரும்புவோர்க்கு ஸ்னக் என்னும் சிற்றறையும் தனித்தனியே இருந்தன. இடைச்சுவர்கள் பல இடங்களில் இடிக்கப்பட்ட பின்னும், ஊர்க்காரர்கள் இல்லாத சுவரை மதித்துத் தத்தம் பக்கத்திலேயே அமர்வதைக் காணலாம். கவுண்டரின் ஓரத்தில் ஒரு முக்காலி எப்போதும் காலியாக இருக்கும். அது காலியாக இல்லை. அதில் இருபது ஆண்டுகளாக அமர்பவர் ஆறு மணிக்கு வருவார் என்பதை அறியாமல் ஐந்தே முக்காலுக்கு அதில் அமரும் அயலாரை எவரும் எழச் சொல்லமாட்டார்கள். ஆனால் அறை முழுவதும் ஏதோ ஒன்று நின்றுபோனது போலாகும், அவர் தாமாகவே எழும் வரை.

பப் பற்றிய எழுத்துகளுள் அறிஞர்கள் அடிக்கடி எடுத்தாள்வது, ஜார்ஜ் ஆர்வெல் 1946 பிப்ரவரி 9 அன்று ஈவ்னிங் ஸ்டாண்டர்டு நாளிதழில் வரைந்த கட்டுரையாகும். அமைதி, தோட்டம், பீங்கான் குவளை, வாடிக்கையாளரின் பெயரறிந்த பணிப்பெண் எனப் பத்துச் சிறப்புகள் அடுக்கி ஒரு பப்பைப் போற்றிய ஆசிரியர், அப்படி ஒரு பப்பே இல்லை என்பதையும் அதே கட்டுரையில் ஒப்புக்கொண்டார். பிற்காலத்தில் ஒரு பெரிய பப் நிறுவனம் அந்த இல்லாத பப்பின் பெயரைத் தன் கிளைகள் பலவற்றுக்குச் சூட்டியது. இத்துறையின் தலையாய சான்றாவணம் இல்லாத ஒரு பொருளைப் பற்றியது என்பதை ஆய்வாளர்கள் வெட்கமின்றி ஏற்றுக்கொள்வதே இத்துறையின் நேர்மைக்குச் சான்று.

இனி மையப் பொருள். சமூக மானிடவியலர் கேட் ஃபாக்ஸ், ஆங்கிலேயரின் நடத்தையைப் பற்றி 2004இல் வெளியிட்ட நூலில், பப்பின் கவுண்டர் முன் வரிசை இல்லாதது போல் தோன்றினும் கண்ணுக்குத் தெரியாத வரிசை ஒன்று உண்டென்றும், அதில் தமக்குரிய இடம் எது என்பது நிற்பவர் ஒவ்வொருவருக்கும், ஊற்றுபவருக்கும், துல்லியமாகத் தெரியுமென்றும் காட்டினார். இவ்வரிசை தரையில் அமையாமல் நினைவில் அமைந்தது. புதிதாக வருபவர் கவுண்டரை நெருங்கும்போதே தமக்கு முன் நிற்போர் எத்தனை பேர், அவர்களுள் எவர் ஏற்கெனவே பெற்றுவிட்டார், எவர் வெறுமனே சாய்ந்து நிற்கிறார், எவர் நாய்க்குத் தண்ணீர் கேட்க வந்தவர் என்பதையெல்லாம் ஒரே பார்வையில் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். அக்கணக்கைத் தாம் செய்ததாகக் காட்டிக்கொள்ளவும் கூடாது.

கவனத்தை ஈர்க்கும் முறையே இவ்வொழுங்கின் உயிர்நிலை. கையைத் தட்டுவதும், நாணயத்தைப் பலகையில் தட்டுவதும், பணத்தாளை ஆட்டுவதும், பெயர் சொல்லி அழைப்பதும், கொட்டாவி போன்றதோர் ஒலியெழுப்புவதும் முற்றிலும் விலக்கப்பட்டவை. பணத்தைக் கையில் வெறுமனே வைத்திருக்கலாம். காலிக் கிண்ணத்தைச் சற்றே சாய்த்து வைத்திருக்கலாம். முகத்தில் எதிர்பார்ப்பும் இலேசான கவலையும் கலந்திருக்கலாம். நிறைந்த மகிழ்ச்சி முகத்தில் தெரிந்தால், ஏற்கெனவே பெற்றுவிட்டவர் என்று ஊற்றுபவர் கடந்துவிடுவார். கண்கள் சந்திக்கும் அந்த ஒரு கணத்தில் புருவம் ஓர் இழை உயர வேண்டும். ஊற்றுபவர் பதிலுக்குத் தலையை அணுவளவு அசைப்பார். அசைவுக்கு, 'உம்மைக் கண்டேன், உமக்கு முன் இருவர் உளர், பின்னர் நீரே' என்பது பொருள். பதிவேட்டு அலுவலகங்கள் முத்திரையும் கையொப்பமும் கொண்டு செய்ய முடியாத ஒப்பந்தம் இங்கே தசையசைவு இரண்டில் நிறைவேறுகிறது. அவ்வளவில் உரிமை உறுதிப்படுவதால், அதன்பின் புருவத்தை மறுமுறை உயர்த்துவது ஒப்பந்தத்தை ஐயுறுவதாகவும், எனவே சிறுமையாகவும் கருதப்படும்.

ஒப்பந்தத்தில் பிழை நேர்வதுண்டு. புதிதாகச் சேர்ந்த பணியாளர், முறை வராத ஒருவரிடம் என்ன வேண்டுமெனக் கேட்டுவிட்டால், அவர் உடனே பக்கத்திலிருப்பவரைச் சுட்டி இவரே முன்னவர் என்று கூற வேண்டும். சுட்டப்பட்டவர் அதை அப்படியே ஏற்றால் பேராசை கொண்டவராவார். ஆகவே அவர், இல்லை இல்லை, நீங்களே வாங்குங்கள் என்று மறுக்க வேண்டும். சுட்டியவர் அதை மறுமுறை மறுக்க வேண்டும். கொள்கையளவில் இதற்கு முடிவு கிடையாது. நடைமுறையில், இருவரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டிருக்கையில், அனுபவமுள்ள பப்காரர் மூன்றாமவருக்கு ஊற்றி முடித்துவிடுவதும், முன்னிருவரும் நீதி நிலைத்த நிறைவோடு காத்திருப்பதும் வழக்கம். முறையை மீறி முந்துபவருக்கும் தண்டனை உண்டு. அவரை யாரும் கடியமாட்டார்கள். பப்காரருக்கு அவர் நிற்கும் இடம் மட்டும் திடீரெனக் கண்ணுக்குத் தெரியாமற் போய்விடும்.

கொரோனாத் தொற்றுக்குப் பின் சில பப்புகளில் மக்கள் கவுண்டரிலிருந்து வாசல் வரை ஒற்றை வரிசையில் நிற்கத் தொடங்கியதும், அதைக் கண்டு மூத்த வாடிக்கைக்காரர்கள் நாகரிகமே அழிந்ததாகப் புலம்பியதும் இங்கே குறிக்கத்தக்கவை. ஒற்றை வரிசையில் நீதி உண்டு, புருவத்துக்கு வேலையில்லை. பல கைப்பம்புகளும் இரு பணியாளரும் கொண்ட நீண்ட கவுண்டரில் ஒற்றை வரிசையால் ஒரு முனையில் மட்டும் கூட்டம் திரள்வதால், பழைய முறையே விரைவானது என்னும் அவர்கள் வாதத்தில் உண்மையும் இருக்கிறது.

முறை வந்தபின் ஊற்றுதல் நிகழ்கிறது. நிலவறையில் பீப்பாய்க்குள் இன்னும் நொதித்துக்கொண்டிருக்கும் உயிருள்ள ஏலை, ஜோசப் பிராமா 1797இல் காப்புரிமை பெற்ற வகைப் பம்பின் வழித்தோன்றலான கைப்பிடியை இழுத்து மேலே கொண்டுவருகிறார்கள். நிலவறையின் வெப்பநிலையான 11 முதல் 13 பாகை செல்சியஸில் அது பரிமாறப்படுவதால், பனிக்கட்டி மிதக்க எதிர்பார்த்து வரும் வெளிநாட்டார் அதனைச் சூடான பீர் என்று பழிக்கிறார்கள். உரிய மறுமொழி மௌனமே. நுரை பற்றியும் நாடு இரண்டுபட்டுள்ளது. வடக்கத்தியார் குழாய் முனையில் சிறு துளைகள் கொண்ட மூடியைப் பொருத்தித் தடித்த நுரை கேட்பர். தெற்கத்தியார் நுரையைத் தமக்கு வரவேண்டிய பீரைத் திருடிய காற்றாகக் கருதுவர். கிண்ணத்தில் குறைந்தது 95 விழுக்காடு திரவம் இருக்க வேண்டுமென்று தொழில்துறையின் வழிகாட்டி கூறினும், மீதியை நிரப்பித் தருமாறு கேட்கும் உரிமையை மன்னிப்புக் கோரும் குரலில்தான் பயன்படுத்த முடியும். இவ்வகை ஏல் அழியவிருந்த காலத்தில், 1971இல், நான்கு இளைஞர்கள் அதைக் காக்க ஓர் இயக்கம் தொடங்கினர். காம்ரா எனப்படும் அவ்வியக்கம் ஆங்கில ஏலுக்காகப் போராடத் தீர்மானித்த இடம் அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்துப் பப் ஒன்று என்பது வரலாற்றின் குறும்பு.

ஊற்றியவருக்கு நன்றி தெரிவிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. கவுண்டரில் சில்லறையை விட்டுவிட்டு வருவது அவரைப் பணியாளாக்கிவிடும்; ஆகவே வாங்குபவர் தம் பட்டியலின் முடிவில், உங்களுக்கும் ஒன்று என்று சொல்ல வேண்டும். ஊற்றுபவர் தமக்குரியதன் விலையைக் கணக்கில் சேர்த்துக்கொள்வார். அப்போதே குடிக்காவிட்டாலும் பின்னர் குடிக்கும்போது கொடுத்தவரை நோக்கிக் கிண்ணத்தைச் சற்று உயர்த்துவார். பணம் கைமாறியும் மாறாதது போல் இருவரும் நடிக்கும் இந்நாடகத்தால், முதலாளியும் விருந்தாளியும் சமநிலை காக்கின்றனர்.

அடுத்து ரவுண்டு. நால்வர் சேர்ந்து வந்தால் நால்வருக்கும் ஒருவர் வாங்குவார்; கிண்ணங்கள் காலியாகும் தறுவாயில் அடுத்தவர் எழுவார். இதிலிருந்து ஒரு தேற்றம் பிறக்கிறது: கூட்டத்தில் எத்தனை பேரோ அத்தனை பைன்ட்டை ஒவ்வொருவரும் குடித்தாலன்றிக் கணக்கு நேராகாது. நால்வர்க்கு அது தலைக்கு இரண்டேகால் லிட்டரைத் தாண்டும். எண்மர்க்கு நாலரை லிட்டர். எண்மரின் நீதி உடலுக்கு ஒவ்வாததால், கணக்கு எப்போதும் நேராகாமல், யாரோ ஒருவர் யாரோ ஒருவருக்குக் கடன்பட்டவராகவே வீடு திரும்புகிறார். கடன்பட்டவர் அடுத்த வெள்ளிக்கிழமை வந்தே தீர வேண்டும். பப்பின் பொருளாதாரம் பீரின் சுவையைவிட இத்தீராக்கணக்கையே மிகுதியாக நம்பியிருக்கிறது எனலாம்.

இம்முறையின் வலிமையை உணர்ந்து அதை ஒழிக்க அரசு ஒருமுறை முயன்றது. முதல் உலகப் போரின்போது, படைவீரரும் வெடிமருந்துத் தொழிலாளரும் பிறர் உபசாரத்தால் அளவு மீறிக் குடிப்பதாகக் கருதிய மது வணிகக் கட்டுப்பாட்டு மத்திய வாரியம், 1915இல், ஒருவர் மற்றொருவருக்கு மது வாங்கித் தருவதையே குற்றமாக்கியது. உணவோடு சேர்த்து வாங்கித் தந்தால் மட்டும் விலக்கு. எனவே சட்டப்படி, நண்பர் நால்வர் ஒரே மேசையில் அமர்ந்து நான்கு தனித்தனிக் கணக்கில் நான்கு பைன்ட் குடிக்க வேண்டியிருந்தது. அதே வாரியம் 1916இல் கார்லைல் வட்டாரத்துப் பப்புகளை விலைக்கு வாங்கி அரசே நடத்தவும் முனைந்தது. 1970களின் தொடக்கம் வரை அவ்வூரில் அரசாங்கமே மது ஊற்றிக்கொண்டிருந்தது. இது ஆங்கிலேயருக்கு விந்தையாகப் படுவதுபோல் தமிழ் வாசகருக்குப் படாது. போர் முடிந்ததும் உபசாரத் தடை நீங்கிற்று; ரவுண்டு எங்கும் போயிருக்கவில்லை.

ரவுண்டு முறை குடிக்கும் வேகத்தையும் ஆள்கிறது என்பதற்கு நேர்க்காட்சிச் சான்று உண்டு. மாஸ் அப்சர்வேஷன் என்னும் ஆய்வுக் குழுவினர் 1930களின் இறுதியில் போல்டன் நகரத்துப் பப்புகளில் அமர்ந்து, குடிப்பவர் எத்தனை நிமிடத்தில் கிண்ணத்தைக் காலி செய்கிறார் என்பதைக் கடிகாரம் வைத்துக் குறித்து, 1943இல் நூலாக வெளியிட்டனர். கூட்டமாகக் குடிப்பவர்களின் கிண்ணங்களில் மட்டம் ஏறத்தாழ ஒன்றாகவே இறங்குகிறது என்பது அவர்கள் கண்டவற்றுள் ஒன்று. போல்டன் கிராமம் அன்று. எனினும் மட்டத்தின் விதி ஊரைப் பார்ப்பதில்லை. முந்திக் குடிப்பவர் ரவுண்டு வாங்குபவரை அவசரப்படுத்துகிறார். பிந்துபவர் தம் முறையைத் தள்ளிப்போடுபவராகச் சந்தேகிக்கப்படுகிறார். இக்குழுவினர் சந்தேகம் வராமல் கணக்கெடுப்பதற்காகத் தாமும் குடிக்க வேண்டியிருந்திருக்கும் என்பதால், கடை மூடும் நேரத்துக்கு அருகிலான பதிவுகளைச் சற்றே தாராளத்தோடு அணுகுவது நலம்.

உணவு பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. ரொட்டி, பாலாடைக்கட்டி, ஊறவைத்த வெங்காயம் அடங்கிய உழவர் உணவு என்னும் தட்டு, ஏர் பிடித்தவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டதென்ற பாவனையோடு பரிமாறப்படுகிறது; உழவர்கள் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றது மெய்யே; ஆனால் அப்பெயரைப் பப்புகளில் பரப்பியது 1950களிலும் 60களிலும் பாலாடைக்கட்டி விற்பனையைப் பெருக்க முனைந்த விளம்பர வாரியங்கள். ஆட்டங்களுள் ஆக்ஸ்ஃபர்டுஷயரில் கட்டையை எறிந்து மரப்பொம்மையை வீழ்த்தும் ஆன்ட் சாலியும், எங்கும் உள்ள டாமினோவும் குறிப்பிடத்தக்கவை. பின்னதில் தோற்றவர் ரவுண்டு வாங்குவதால், அது முன்சொன்ன தேற்றத்தின் துணைத்தேற்றமே.

இறுதியாக நேரம். 1914இலும் அதையடுத்தும் வந்த போர்க்காலக் கட்டுப்பாடு பிற்பகலில் பப்புகளை மூட வைத்தது. தற்காலிகம் என்று வந்த இவ்வேற்பாடு 1988 வரை நீடித்தது. இரவு பதினொன்றுக்கு மணியடித்துக் கடைசி விற்பனையை அறிவித்தபின், வாங்கியதைக் குடித்து முடிக்க முன்பு பத்து நிமிடமும் 1988 முதல் இருபது நிமிடமும் சட்டம் அனுமதித்தது. 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் விரும்பிய நேரம் வரை திறந்துவைக்க உரிமம் கேட்கலாம் என்றபோது, நாடு இரவெல்லாம் குடித்து அழியுமென நாளிதழ்கள் அஞ்சின. கிராமத்துப் பப்காரர்களுள் பெரும்பாலார் பதினொன்றுக்கே மணியடித்தனர், அவர்களுக்கும் உறங்க வேண்டியிருந்ததால். மணிக்கும் அசையாதவரை வெளியேற்ற அவர்கள் வாயைத் திறப்பதில்லை. விளக்குகள் அனைத்தையும் ஏற்றி, நாற்காலிகளை மேசைமேல் கவிழ்க்கத் தொடங்குவார்கள்.

மணியையும் விளக்கையும் செயலற்றவையாக்கிய இயற்கைப் பரிசோதனை ஒன்று பதிவாகியுள்ளது. கடல்மட்டத்துக்கு மேல் 528 மீட்டரில், பிரிட்டனிலேயே மிக உயரத்தில் நிற்கும் யார்க்‌ஷயரின் டான் ஹில் பப்பில், 2021 நவம்பர் இறுதியில் ஆர்வென் புயல் கொட்டிய பனியால், அறுபதுக்கும் மேற்பட்டோர் மூன்று இரவுகள் வெளியேற முடியாமல் தங்க நேர்ந்தது. ஓயேசிஸ் இசைக்குழுவின் பாடல்களைப் பாட வந்திருந்த நகல் குழுவினரும் அவர்களுள் அடக்கம். வினாடி வினாவும் பாட்டுமாக அந்நாட்கள் கழிந்ததாகச் செய்திகள் தெரிவித்தன. தேற்றத்தின்படி அறுபது பேரின் ரவுண்டுக் கணக்கு நேராகத் தலைக்கு அறுபது பைன்ட், அதாவது முப்பத்துநான்கு லிட்டர், தேவைப்படும். மூன்று இரவுகள் அதற்குப் போதா என்பதால், அவர்களுள் இன்னும் கணக்குத் தீராதவர் பலர் இருக்கக்கூடும்.